“ஆய்வு சொல்கிறது” என்று ஒரு செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

“21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஆய்வு சொல்கிறது.” “சின்ன வயதில் மிட்டாயைத் தின்னாமல் காத்திருக்கத் தெரிந்த குழந்தைதான் வாழ்க்கையில் ஜெயிக்கும் என்று ஆய்வு சொல்கிறது.” “மனஉறுதிக்கு ஒரு அளவு உண்டு, காலையில் செலவழித்துவிட்டால் மாலைக்கு மிஞ்சாது என்று ஆய்வு சொல்கிறது.” குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது, பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் வருகிறது, ஆபீசில் எச்ஆர் நடத்தும் பயிற்சி வகுப்பில் ஸ்லைடாக வருகிறது.

இவற்றைச் சும்மா கடந்துபோய்விடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. 21 நாள் நடந்தும் நடைப்பயிற்சி பழக்கமாகாத ஒருவர் “நமக்கு ஒழுக்கமே கிடையாது” என்று முடிவு கட்டி ஷூவைக் கழற்றி வைத்துவிடுகிறார். நான்கு வயதுப் பையன் லட்டுக்கு அவசரப்பட்டான் என்று ஒரு அம்மா அவனுடைய பிளஸ் டூ மதிப்பெண்ணை நினைத்து இப்போதே கவலைப்படுகிறார். மனிதர்களைப் பற்றிய ஆய்வைத் தப்பாகப் படித்தால் பழி கடைசியில் தனி மனிதர் தலையில்தான் விழுகிறது, அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே கஷ்டத்தில் இருப்பவர் தலையில். அதனால் இதைப் படிக்கும் முறையைச் சொல்லித் தர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. உளவியல் படித்திருக்கத் தேவையில்லை. சதவீதம், சராசரி என்றால் என்ன என்று தெரிந்தால் போதும்.

முதலில் மூலத்தைத் தேடுங்கள்

ஆராய்ச்சியாளர் பெயர், வருடம், பல்கலைக்கழகம், இவற்றில் ஒன்றாவது செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவுமே இல்லை என்றால் அது யாரோ ஒருவருடைய கருத்து, அந்த அளவில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். ஒன்று இருந்தால்கூட, அதையும் விஷயத்தின் முக்கியச் சொல்லையும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஆங்கிலத்தில் போட்டால் பெரும்பாலும் கட்டுரை கிடைத்துவிடும். பணம் கட்டச் சொன்னால் விட்டுவிடாதீர்கள். தேடல் முடிவுக்குக் கீழேயே அதே கட்டுரையின் மற்ற பிரதிகளைக் காட்டும் இணைப்பு இருக்கும், பல சமயம் அதில் இலவச பிடிஎஃப் கிடைக்கும், அதுவும் இல்லை என்றால் கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. மேலே உள்ள சுருக்கத்தைப் படியுங்கள், அப்புறம் நேராக ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் பகுதிக்குப் போங்கள். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கலாம், எண்களை மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வேலையைச் செய்தாலே 21 நாள் கதை முடிந்துவிடும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனிடம் போய் நிற்கும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று, தன்னிடம் வந்தவர்களைப் பார்த்ததை வைத்து, 1960இல் எழுதினார். ஒரு மருத்துவர் கவனித்த விஷயம், அவ்வளவுதான். கை மாறி மாறி வந்ததில் “குறைந்தது” உதிர்ந்துவிட்டது, புது முகம் போய் எல்லாப் பழக்கங்களும் என்று ஆகிவிட்டது.

பழக்கம் உருவாக எத்தனை நாள் ஆகிறது என்று உட்கார்ந்து அளந்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியின் குழுவினர். 96 பேர், ஆளுக்கு ஒரு செயலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது மாதிரி, தினமும் ஒரே சூழலில் 12 வாரம் செய்து பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்தக் கட்டுரையில் பழக்கம் படிய ஆன காலத்தின் நடு மதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். உடனே “21 இல்லை, 66” என்று புதிய ஸ்டேட்டஸ் போட்டுவிட வேண்டாம், ஏனென்றால் அதே கட்டுரையில் சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று இருக்கிறது, அதிலும் ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால் 254 என்பது கணக்குப் போட்டு முன்னால் நீட்டிய எண். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் உபயோகமாகப் பட்டது வேறு ஒன்று: நடுவே ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஒரு நாள் விட்டுப்போனதும் “போச்சு, எல்லாம் போச்சு” என்று நிறுத்திவிடுகிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது அந்த வரிதான், அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

யாரை, எத்தனை பேரை

மிட்டாய்ச் சோதனையை எடுத்துக்கொள்வோம். 1960களின் பிற்பகுதியிலிருந்து வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் பிங் நர்சரி பள்ளியில் குழந்தைகளை ஒரு அறையில் உட்கார வைத்தார். எதிரே ஒரு தின்பண்டம். இப்போதே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், நான் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். வருடங்கள் கழித்து அதே குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, கூடுதல் நேரம் காத்திருந்தவர்கள் கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார்கள் என்று 1990இல் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்கப் பரவியது இந்தக் கட்டுரையின் சாரம்தான்.

இப்போது கேள்வியைக் கேளுங்கள்: யார் இந்தக் குழந்தைகள்? பெரும்பாலும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள், மாணவர்களின் பிள்ளைகள். எத்தனை பேர்? சாட் மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்த்த முக்கியமான கணக்கில் 35 பேர். ஒரு வகுப்பறைக்குச் சற்றே குறைவான கூட்டத்தை வைத்துக்கொண்டு உலகத்துக் குழந்தைகளின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. மிஷெலே இதை ஜோதிடமாக்க வேண்டாம் என்று எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார். 2018இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹவோனன் குவான் மூவரும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்து, குறிப்பாகக் கல்லூரிப் பட்டம் இல்லாத தாய்மாரின் பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தார்கள். காத்திருப்புக்கும் 15 வயதுப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் இருந்ததில் பாதிதான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்பத் திறன் இவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

இன்னொரு ஆய்வும் இருக்கிறது, சின்னதுதான், ஆனால் அழகானது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரின் குழு 28 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தது. மிட்டாய்ச் சோதனைக்கு முன்னால் ஒரு குழுவிடம், “நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன், காத்திரு” என்று சொன்ன பெரியவர் சொன்னபடியே கொண்டுவந்தார். இன்னொரு குழுவிடம், “மன்னித்துக்கொள், இல்லையாம்” என்று வெறுங்கையோடு திரும்பினார். அப்புறம் மிட்டாய். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். 28 பேர் என்பது கம்மிதான், அதை மறக்காமல்தான் சொல்கிறேன். இருந்தாலும் லட்டுக்கு அவசரப்படும் பையனைப் பார்க்கும்போது, இவனுக்கு மனஉறுதி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், இந்த வீட்டில் “அப்புறம் தருகிறேன்” என்று சொன்னால் உண்மையில் கிடைக்குமா என்று கேட்க அது வைக்கிறது.

ஆய்வில் இருப்பவர்கள் எந்த ஊர், என்ன வயது, என்ன வேலை, இதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். உளவியல் ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்கா, ஐரோப்பா போன்ற வசதியான நாடுகளில், அதிலும் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தது என்பதையும், மனிதகுலத்தில் அவர்கள் ஒரு தனி ரகம் என்பதையும் ஜோசஃப் ஹென்ரிக்கும் இரு சகாக்களும் 2010இல் விரிவாக எழுதினார்கள். அதற்காக அமெரிக்க ஆய்வு நமக்குப் பொருந்தவே பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. இங்கே யாராவது செய்து பார்த்தார்களா என்று அடுத்த தேடலைப் போடுங்கள், அவ்வளவுதான்.

எதோடு ஒப்பிட்டார்கள்

ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள். “யோகா செய்தவர்களில் 70 சதவீதம் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள்” என்றால் செய்யாதவர்களில் எத்தனை சதவீதம்? செய்தவர்கள் யார், ஏற்கெனவே நேரமும் வசதியும் இருந்தவர்களா? ஆராய்ச்சியாளர் சீட்டுக் குலுக்கிப் போட்டு இந்தப் பாதிப் பேர் இதைச் செய்யுங்கள், அந்தப் பாதிப் பேர் வழக்கம்போல இருங்கள் என்று பிரித்தாரா, அல்லது தானாகவே செய்துகொண்டிருந்தவர்களைப் போய்ப் பார்த்தாரா? குலுக்கிப் பிரித்திருந்தால் இரண்டு பக்கமும் பணக்காரரும் ஏழையும், சோம்பேறியும் சுறுசுறுப்பானவரும் கிட்டத்தட்ட சமமாக விழுந்திருப்பார்கள், அதற்குப் பிறகு தெரியும் வித்தியாசத்தை நம்பலாம்.

இதற்குச் சென்னையிலேயே ஒரு அருமையான உதாரணம் இருக்கிறது. தூக்கம் கூடினால் வேலை நன்றாக நடக்கும், மனம் தெளிவாக இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட ஐந்து பொருளாதார ஆய்வாளர்கள் சென்னையில் குறைந்த வருமானம் உள்ள 452 பேரை ஒரு மாதம் டேட்டா என்ட்ரி வேலைக்கு வைத்து, கையில் தூக்கத்தை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். கட்டுரை 2021இல் வந்தது. முதல் அதிர்ச்சி: இவர்கள் படுக்கையில் இருந்தது சுமார் 8 மணி நேரம், தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். சூடு, சத்தம், கொசு, நெருக்கடியான வீடு. சோம்பேறிகளும் இல்லை, ராத்திரியெல்லாம் போன் பார்க்கிறவர்கள் என்று திட்டவும் முடியாது; படுத்தும் தூங்க முடியாதவர்கள்.

குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குத் தூங்குவதற்கான ஆலோசனை, ஊக்குவிப்பு, அதோடு மெத்தை, தலையணை, கண்மறைப்பு, காதடைப்பான், மேசை விசிறி என்று கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. வேலைத்திறன்? கூடவில்லை. மனநலம்? அதிலும் வித்தியாசம் தெரியவில்லை. முன்கூட்டியே நிபுணர்களிடம் கேட்டபோது நல்ல முன்னேற்றம் வரும் என்றுதான் அவர்கள் கணித்திருந்தார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு குலுக்கலில், வேலையிடத்திலேயே அமைதியான இடத்தில் மதியம் அரை மணி நேரம் படுக்க வாய்ப்பு கிடைத்தவர்களுக்கு வேலைத்திறனும் மனநிலையும் கவனமும் மேம்பட்டன. சிரமமான சூழலில் பலமுறை விழித்து விழித்துத் தூங்கும் தூக்கத்தில் இன்னும் கொஞ்சம் சேர்ப்பதும், அமைதியான அறையில் சின்னதாகத் தூங்குவதும் ஒன்றல்ல போலிருக்கிறது என்பது ஒரு விளக்கம். இதிலும் ஒப்பீட்டைக் கவனியுங்கள்: அதே அரை மணி நேரம் சும்மா ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிட்டால் தூங்கியவர்களின் வருமானம் கூடுதல், அந்த அரை மணி நேரமும் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் குறைவு. ஒரே தூக்கம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்துச் செய்தித் தலைப்பு தலைகீழாக மாறிவிடும். “மதியத் தூக்கம் வருமானத்தைக் கூட்டும்” என்றும் எழுதலாம், “குறைக்கும்” என்றும் எழுதலாம், இரண்டுமே அந்தக் கட்டுரையில் இருக்கிறது.

குலுக்கிப் பிரிக்க முடியாத விஷயங்களும் உண்டு. யாரையும் குலுக்கல் போட்டு ஏழையாக்க முடியாது. அங்கே நல்ல ஆய்வாளர்கள் இயல்பாகவே நடக்கும் ஒரு மாற்றத்தைத் தேடிப் பிடிப்பார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் போனது அதனால்தான். கரும்புக்காரர்களுக்கு வருடத்தில் பணம் வருவது பெரும்பாலும் ஒரே ஒரு முறை, வெட்டிய பிறகு. வெட்டுக்கு முன்னால் கையில் காசு இருக்காது: அடகு வைத்திருந்தவர்கள் அறுவடைக்கு முன் 78 சதவீதம், பின்பு 4 சதவீதம். ஆலை எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டிங் ஆர்டர் கொடுக்காது, மாதக்கணக்கில் பரவியிருக்கும், அதனால் இது வெயிலின் விளைவா, பண்டிகையின் விளைவா என்ற சந்தேகத்துக்கும் இடம் குறைவு. அதே விவசாயியை வெட்டுக்கு முன்னும் பின்னும் வடிவப் புதிர்களும் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் செய்ய வைத்துப் பார்த்தால், கையில் காசு இல்லாத நாட்களில் கணிசமாகக் குறைவாகச் செய்தார். இரண்டாம் முறை பழகிவிட்டதால் நன்றாகச் செய்திருப்பாரோ என்று உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் சரியாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். அவர்களும் அதை யோசித்து, அறுவடைக்குப் பிறகு முதல் முறையாகச் சோதிக்கப்பட்ட வேறு விவசாயிகளையும் சேர்த்துச் சரிபார்த்தார்கள். கட்டுரை 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது.

இதே கேள்வியை அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் கேட்ட ஒரு ஆய்வில், 2016இல் வெளியானது, சிந்தனைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் பணமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ வரும் சம்பளமும் ஒரே அழுத்தத்தைத் தருமா என்பது நியாயமான கேள்வி. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

கேட்டு எழுதினார்களா, பார்த்து எழுதினார்களா

“1 முதல் 10 வரை எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்?” என்று கேட்பது ஒரு அளவு. அந்த மனிதர் என்ன செய்தார் என்று பார்ப்பது இன்னொரு அளவு. மனநலத்தைப் பொறுத்தவரை கேட்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை, அதில் தவறும் இல்லை, ஆனால் எது அளக்கப்பட்டது என்று தெரியாமல் மற்றொன்றுக்குத் தாவக்கூடாது. இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நின்றால் தைரியம் வரும், உடம்பில் ஹார்மோனே மாறும் என்ற ஆய்வு 2010இல் 42 பேரை வைத்து வந்தது. 2015இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது, தைரியமாக உணர்வதாகச் சொன்னார்கள், ஆனால் ஹார்மோனும் மாறவில்லை, நடத்தையும் மாறவில்லை. இன்டர்வியூவுக்கு முன் அப்படி நின்றால் உங்களுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதா, நில்லுங்கள். ரத்தத்தில் ஏதோ மாறுகிறது என்று மட்டும் நம்ப வேண்டாம்.

பார்த்து எழுதியதற்கு நல்ல உதாரணம், மறுபடியும் அதே பிங் நர்சரி பள்ளியில் 1973இல் மார்க் லெப்பர் குழு செய்தது. ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிவிட்டுக் கொடுத்தார்கள், ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. பிறகு பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு யார் எவ்வளவு நேரம் தானாக வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். இதைப் படித்துவிட்டுப் பரிசே கூடாது என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: இவர்கள் ஏற்கெனவே வரைவதில் ஆசை இருந்த குழந்தைகள். பிடிக்காத வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்ய ஒரு சாக்லேட் கொடுப்பதைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

அபராதமும் அப்படித்தான். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் 1998இல் நடந்த ஆய்வில், பிள்ளையைக் கூப்பிட 10 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தால் 10 ஷெகல் (இஸ்ரேல் நாணயம்) என்று 6 காப்பகங்களில் அபராதம் வைத்ததும் தாமதம் கிட்டத்தட்ட இரு மடங்கானது, அபராதத்தை எடுத்த பிறகும் குறையவில்லை. ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிட்டது. 10 ஷெகல் சின்னத் தொகை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

எவ்வளவு வித்தியாசம்

“கணிசமான முன்னேற்றம்” என்று செய்தி சொல்லும். எண்ணைத் தேடுங்கள். ஒரு அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர்களுக்கு அனுப்பிய ஃப்ளூ தடுப்பூசிக் கடிதத்தில், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போடப் போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ள ஒரு கட்டம் வைத்ததும், போட்டுக்கொண்டவர்கள் சுமார் 33 சதவீதத்திலிருந்து சுமார் 37 சதவீதமானார்கள் (2011). நான்கு சதவீதம்தானா என்று தோன்றும். செலவு ஒரு கட்டம் அச்சிடும் மை. அதனால் எனக்கு இது பெரிய வெற்றியாகத் தெரிகிறது, நான் எந்த வேலையையும் “இந்த வாரம் செய்யணும்” என்று எழுதாமல் “வியாழன் காலை 10 மணி, வங்கி” என்று எழுதுவது இதனால்தான். அதே சமயம் 100இல் 60க்கும் மேற்பட்டோர் கட்டம் இருந்தும் போடவில்லை, அதையும் பாருங்கள்.

“உன்னால் வளர முடியும் என்று குழந்தை நம்பினால் போதும்” என்ற பேச்சுக்கும் இதே கேள்வி. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2019இல் நேச்சர் இதழில் வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பயிற்சிக்குப் பிறகு, படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரி, நான்கை உச்சமாகக் கொண்ட அளவில், 0.1 கூடியது. ஒரு மணி நேரத்துக்கு இது நல்ல பலன். இதை வைத்து ஒரு பள்ளி டியூஷனையும் டீச்சரையும் குறைத்துவிட்டு மேடைப் பேச்சாளரைக் கூப்பிட்டால் அது அநியாயம்.

வேறு யாராவது திரும்பச் செய்தார்களா என்பது கடைசிக் கேள்வி, ஆனால் இதில் பல புகழ்பெற்ற ஆய்வுகள் விழுந்திருக்கின்றன. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை வேறு குழுக்கள் திரும்பச் செய்தபோது, மூலத்தில் 97 சதவீதம் “ஆம், விளைவு இருக்கிறது” என்று சொல்லியிருக்க, திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான் அப்படிச் சொன்னது. மனஉறுதி தீர்ந்துபோகும் என்ற கருத்துக்கு 1998இல் ராய் பாமைஸ்டர் குழு செய்த சோதனை பிரபலம்: சுடச்சுடக் குக்கீ மணக்கும் அறையில் முள்ளங்கி மட்டும் தின்ன வைக்கப்பட்டவர்கள் அடுத்து கொடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து, அந்தக் கருத்தை வேறொரு சோதனையால் பார்த்தபோது விளைவு பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. ஆக, மாலையில் உடற்பயிற்சிக்குப் போக முடியவில்லை என்றால் காலையில் மனஉறுதி செலவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பஸ் கூட்டம், பசி, குழந்தையின் ஹோம்வொர்க் என்று பக்கத்தில் இருக்கும் காரணங்களை முதலில் பாருங்கள். தேடும் முறை சுலபம்: ஆய்வின் பெயரோடு ‘ரெப்ளிகேஷன்’ (replication, திரும்பச் செய்து பார்ப்பது) என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள்.

உங்கள் மேலேயே சோதித்துப் பார்க்க

இவ்வளவு கேள்விகளையும் தாண்டி ஒன்று உருப்படியாகத் தெரிந்தாலும், சராசரி மனிதருக்குப் பலித்தது உங்களுக்குப் பலிக்குமா என்பது தெரியாது. சின்ன விஷயங்களுக்கு நீங்களே சோதிக்கலாம். உதாரணத்துக்கு, படுக்கும் அறைக்குள் போனை எடுத்துப் போகாமல் இருந்தால் மறுநாள் தெளிவாக இருக்கிறதா? முதலில் எதை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள், ஒன்றே ஒன்று போதும்: காலை 11 மணிக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறேன், 10க்கு எத்தனை. எத்தனை நாள் செய்யப் போகிறீர்கள் என்றும் முன்பே எழுதுங்கள், நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் இரவு ஒரு காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் போன் ஹாலில், பூ விழுந்தால் வழக்கம்போல. மனம் போனபடி நாளைத் தேர்ந்தெடுத்தால் களைப்பான நாட்களில் போனை எடுத்துக்கொள்வீர்கள், பிறகு களைப்புக்குப் போன் காரணமா, போனுக்குக் களைப்பு காரணமா என்று பிரிக்கவே முடியாது. நடுவில் நன்றாகத் தெரிகிறதே என்று நிறுத்தாதீர்கள். முடிந்ததும் தலை நாட்களின் சராசரி, பூ நாட்களின் சராசரி. அரைப் புள்ளி வித்தியாசத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம், இரண்டு புள்ளி என்றால் யோசிக்கலாம்.

உடம்புக்கோ மருந்துக்கோ இப்படிச் செய்யாதீர்கள். மனச்சோர்வுக்கும் கண்டிப்பாக வேண்டாம். வாரக்கணக்கில் எதிலும் ஆசையே இல்லை, எழுந்திருக்கவே முடியவில்லை என்று இருப்பவரிடம் ஊக்கப் பேச்சு வீடியோவை அனுப்புகிறவர்கள் கோவாவில் நடந்ததைப் படிக்க வேண்டும். விக்ரம் பட்டேலின் குழு 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆறு முதல் எட்டு முறை பேச்சு சிகிச்சையும் கொடுத்தது. பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், முன்பு பிடித்திருந்த சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்து, கூடவே இருந்து, மெல்லத் தொடங்க வைப்பதுதான் அதன் மையம். மூன்று மாதத்தில் அந்தக் குழுவில் 64 சதவீதம் பேர் மனச்சோர்வு நிலையைத் தாண்டியிருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். கட்டுரை 2017இல் லான்செட் இதழில் வந்தது. மேலே சொன்ன ஒவ்வொரு கேள்வியையும் இதனிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவற்றுக்கு நேரான பதில் கிடைக்கும்.

வீட்டில் யாராவது அந்த நிலையில் இருந்தால் ஆய்வுக் கட்டுரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.